ஒரு ராத்திரி வாடகை 85 லட்சம்: கொடுப்பது யார்?

வடசென்னை தண்டையார்பேட்டையில் நான் காலையில் டீ குடிக்கும் கடையில் போன வாரம் ஒரு வீடியோ கை மாறிக்கொண்டிருந்தது. துபாய் ஓட்டல் ஒன்றின் சூட் ரூம். வாசலிலேயே நூறு வருஷத்து ஆலிவ் மரங்கள், இரண்டு மாடி, நாலு படுக்கையறை, கடலைப் பார்த்தபடி சொந்தமாக ஒரு நீச்சல் குளம். ஒரு ராத்திரிக்கு ஒரு லட்சம் டாலர் என்று கீழே எழுத்து ஓடியது. நம் பணத்தில் 85 லட்சத்துக்கு மேல். டீ மாஸ்டர் போனை வாங்கிப் பார்த்தார். "அதுல படுத்தா சாவே வராதா?" என்று கேட்டுவிட்டு பாய்லர் பக்கம் திரும்பிவிட்டார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்தான் விஷயத்துக்கு வந்தார்: "அது சரிண்ணா, இந்தக் காசை யாரு குடுக்கிறா?"

அவர் கேட்டதை நான் சும்மா விடவில்லை. இந்த மாதிரி அறைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. உள்ளே படுப்பவர் தன் பையிலிருந்து அந்த வாடகையை எண்ணி வைப்பது அபூர்வம். ஒருவர் படுக்கிறார், இன்னொருவர் கொடுக்கிறார். சில சமயம் யாருமே கொடுப்பதில்லை, அப்போதும் ஓட்டலுக்கு லாபம்தான்.

முதலில் ஒரு சொல் விஷயம். எங்கள் பக்கம் ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். தங்குவதற்கு லாட்ஜ். சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் ரோட்டில் நடந்தால் வரிசையாக வருமே, அது. சூட் என்ற சொல் இங்கே கல்யாண மாப்பிள்ளையின் கோட்டோடுதான் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களிடம் அதன் வேர் 'பின்தொடர்தல்'. ராஜா போனால் பின்னால் ஒரு கூட்டம் போகுமே, மந்திரி, வைத்தியர், சமையல்காரர், காவல்காரர், அந்தப் பரிவாரத்துக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கூட்டம் தங்க ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் அறைகள் வேண்டியிருந்தது. கூட்டத்தின் பெயர் அறைகளுக்கு வந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜெனீவா போகும்போது உதவும்.

இப்போது லாஸ் வேகாஸ். அங்கே பாம்ஸ் என்று ஒரு சூதாட்ட ஓட்டல். 2019 மார்ச்சில் அது 'எம்பதி சூட்' என்ற அறையைத் திறந்தது. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் வடிவமைத்தது. இரண்டு தளம், சுமார் 9,000 சதுர அடி. ராத்திரிக்கு ஒரு லட்சம் டாலர், குறைந்தது இரண்டு ராத்திரி எடுக்க வேண்டும். உள்ளே நுழைந்தால் கண்ணாடித் தொட்டியில், ஃபார்மால்டிஹைடில் மிதக்கும் இரண்டு நிஜச் சுறாக்கள். 13 பேர் உட்காரும் வளைந்த பார் மேஜை. அதன் கண்ணாடிக்குள் நிரப்பியிருப்பது மருத்துவக் கழிவு. ஆமாம், ஆஸ்பத்திரிக் குப்பை. 2018 ஜூலையில் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று செய்தி வந்து காசிமேட்டில் வியாபாரம் படுத்துக்கிடந்தது எங்களுக்கு மறக்கவில்லை. அதற்கு எட்டு மாதம் கழித்து உலகத்தின் இன்னொரு மூலையில் அதே சரக்கில் ஊறிய சுறாவைக் காட்டி ஒரு லட்சம் டாலர் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த அறை சிலருக்கு இலவசம் என்றும் ஓட்டலே சொன்னது. சூதாட்ட மேஜையில் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன் வரம்பு உள்ள வாடிக்கையாளர் என்றால் வாடகை கிடையாது. ஏன் என்பது எளிய பெருக்கல் கணக்குதான். பெரிய சூதாடிகள் அதிகம் உட்காருவது பக்கரா என்ற சீட்டாட்டத்தில். அதில் எந்தப் பக்கம் கட்டினாலும் நூற்றுக்கு ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல் நீண்ட ஓட்டத்தில் ஓட்டலுக்குப் போகும். 'பேங்கர்' என்ற பக்கம் கட்டினால் 1.06, 'பிளேயர்' என்ற பக்கம் கட்டினால் 1.24. பார்க்கச் சின்ன எண். ஒருவர் ஆட்டத்துக்குப் பத்தாயிரம் டாலர் கட்டுகிறார், மணிக்கு 60 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆறு லட்சம் டாலர் மேஜையில் புரள்கிறது, அதில் ஓட்டலின் எதிர்பார்ப்பு சுமார் 6,600. நாளுக்கு எட்டு மணி நேரம், இரண்டு நாள் உட்கார்ந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். ஒரு தனி நாளில் அவர் ஜெயித்துக்கொண்டு போகலாம். அவரைப் போல நூறு பேர் வந்து போனால் கணக்கு தானாக நேராகிவிடும்.

சரி, ஒரு லட்சம் எதிர்பார்க்கிற இடத்தில் இரண்டு லட்சம் டாலர் அறையைச் சும்மா கொடுப்பது நஷ்டம் இல்லையா? அங்கேதான் சூட்சுமம். அறை ஏற்கெனவே கட்டி முடித்தது. அன்று ராத்திரி அதில் ஒருவர் தங்குவதால் புதிதாக ஆகும் செலவு என்ன? துணி துவைக்க, சுத்தம் செய்ய, கூடவே நிற்கும் பட்லர் சம்பளம், கரண்ட், கார், குடிக்கிறதுக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்த்தாலும் விலைப் பலகையில் இருப்பதில் ஒரு சின்னத் துண்டு. கொடுப்பவருக்குச் சில ஆயிரம், வாங்குபவர் கண்ணுக்கு இரண்டு லட்சம். விலையை இன்னும் ஏற்றி எழுதினால் அன்பளிப்பும் அந்த அளவுக்குப் பெரிதாகும். செலவு ஒரு காசு கூடாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சட்டை அட்டையில் 2,999 என்று அச்சடித்து அதன் மேல் பேனாவால் கோடு போட்டு 999 என்று எழுதியிருப்பார்களே, அந்த அச்சடித்த எண்ணின் அண்ணன்தான் இந்த ஒரு லட்சம் டாலர். கோடு போடுவதை மட்டும் ரகசியமாகச் செய்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பின்கதை ஒன்று உண்டு. பாம்ஸை ரெட் ராக் என்ற நிறுவனம் 2016இல் சுமார் 31 கோடி டாலருக்கு வாங்கியது. புதுப்பிக்க 69 கோடி டாலர் கொட்டியது. அதாவது மொத்தம் நூறு கோடி. கொரோனாவில் மூடியது, 2021இல் 65 கோடிக்கு விற்றது. அமெரிக்கப் பூர்வகுடியான சான் மானுவல் மக்களின் அமைப்பு வாங்கி 2022இல் திறந்தது. அந்தச் சுறாத் தொட்டிக்கு ஹர்ஸ்ட் வைத்த பெயர் 'வென்றவர்/தோற்றவர்'. உலகத்தின் மிக அதிக விலை அறை என்று பட்டியல்களில் முதலில் நின்ற நாட்களில்தான் அந்த ஓட்டல் தன் உடைமையாளருக்குக் கையைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜெனீவாவில் கதை வேறு. ஏரிக்கரையில் பிரசிடென்ட் வில்சன் ஓட்டல். அதன் எட்டாவது மாடி முழுக்க ஒரே சூட், ராயல் பென்ட்ஹவுஸ். 1,680 சதுர மீட்டர், 12 படுக்கையறை. ராத்திரிக்குச் சுமார் 80,000 டாலர் என்று வெகு காலமாகச் சொல்லப்படுகிறது. குண்டு துளைக்காத ஜன்னல்கள், தனி லிஃப்ட், ஸ்டெய்ன்வே பியானோ, பில்லியர்ட்ஸ் மேஜை, வானம் தெளிந்தால் எதிரே மோன் பிளான் சிகரம். நகர ஏழைகளுக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு அளவு 30 சதுர மீட்டர். அந்த ஒரு மாடியில் 56 குடும்பம் குடிவைக்கலாம். (எங்கள் ஏரியாவில் பழைய வாரியக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த 30 மீட்டரே தாராளம்.)

எதற்கு 12 படுக்கையறை? பரிவாரத்துக்கு. பியானோவையும் பில்லியர்ட்ஸையும் மறந்துவிடுங்கள், அங்கே விலைபோவது ஜன்னல் கண்ணாடியும் தனி லிஃப்ட்டும்தான். ஜெனீவாவில் ஐ.நா.வின் ஐரோப்பியத் தலைமையகம் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு ஒரு நாட்டின் தலைவர் வந்தால் தனியாக வருவதில்லை. மெய்க்காவலர், செயலாளர், மொழிபெயர்ப்பாளர், டாக்டர் எல்லோரும் ஒரே தளத்தில், வெளியாள் நுழைய வழியில்லாத இடத்தில் இருக்க வேண்டும். வளைகுடா அரச குடும்பங்கள் கோடையில் வந்தாலும் அதே தேவை. ஆகவே 80,000 டாலரை 12 அறைக்கும் பாதுகாப்புக்கும் பிரித்துப் பார்த்தால் அது ஒரு அறையின் வாடகையாகத் தெரியாது, ஒரு சின்னத் தூதரகத்தின் ஒரு நாள் வாடகையாகத் தெரியும். பில் போவது கஜானாவுக்கு. கஜானாவுக்குப் பணம் போட்டவர்கள் அந்த எட்டாவது மாடியை வீடியோவில் பார்த்திருந்தால் உண்டு.

பக்கத்துக் கட்டடத்தைச் சொல்லாமல் போக முடியாது. பாலே வில்சன். 1870களில் அதுவும் ஓட்டலாகக் கட்டப்பட்டதுதான், ஓட்டல் நாசியோனல், 225 அறை. முதல் உலகப் போர் முடிந்ததும் 1920இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அதை வாங்கித் தலைமையகம் ஆக்கிக்கொண்டது. 1998லிருந்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பல வருஷம் அங்கே இயங்கியது. மனித உரிமை ஃபைல்கள் நகர்ந்த கட்டடத்துக்கும் குண்டு துளைக்காத ஜன்னலுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூடக் கிடையாது.

கட்டடங்களின் ஜாதகம் மாறுவதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் ஜோத்பூரின் உமைத் பவன். 1929இல் தொடங்கி 1943இல் முடிந்தது, 347 அறை. பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா எடுத்த கட்டடம் அது. இன்று அதன் ஒரு பகுதி தாஜ் நடத்தும் ஓட்டல். பெரிய சூட்டுகளுக்கு ராத்திரிக்கு லட்சக்கணக்கில் வாடகை. சென்னையிலும் பஞ்ச நிவாரண வேலை ஒன்று உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய். அதற்கு வடக்கே எண்ணூர் வரை 1806லேயே வெட்டத் தொடங்கியதோடு சேர்த்து மொத்தமும் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. எங்கள் பேசின் பிரிட்ஜ் பக்கம் அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அந்த அரண்மனையையும் பஞ்சத்தில் வெட்டிய கால்வாயையும் கட்டியது பசித்த வயிறுதான். ஒன்றுக்கு வந்த வாழ்வு மற்றதற்கு வரவில்லை.

சூதாடியும் இல்லை, அரசும் இல்லை, வெறும் பணக்காரர் தன் காசில் தங்குகிறார் என்றால் கட்டுபடியாகுமா? நியூயார்க் ஃபோர் சீசன்ஸ் ஓட்டலின் 52ஆவது மாடியில் டை வார்னர் பென்ட்ஹவுஸ் இருக்கிறது. டை வார்னர் என்பவர் பீனி பேபி என்ற துணிப் பொம்மைகள் விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர், ஓட்டலின் உடைமையாளர். அந்த ஒரு சூட்டைக் கட்டி அலங்கரிக்க ஏழு வருஷமும் ஐந்து கோடி டாலரும் ஆயின என்பது பிரபலம். ராத்திரிக்கு 50,000 டாலர். முழு வாடகை கொடுத்து ஆயிரம் ராத்திரி தங்கினால்தான் போட்ட முதல் வரும். சம்பளமும் பராமரிப்பும் தனி. முதலுக்கு ஐந்து சதவீதம் வட்டி என்று பிடித்தால் வருஷத்துக்கு 25 லட்சம் டாலர். வட்டியை அடைக்கவே வருஷத்தில் ஐம்பது ராத்திரி போய்விடும். வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் "வேற தொழில் பாருங்க சார்" என்பார். 2020இல் அந்த ஓட்டல் கொரோனா வார்டுகளில் வேலை பார்த்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இலவசமாகக் கதவைத் திறந்தது; அது பாராட்ட வேண்டியது. அப்புறம் வருஷக்கணக்கில் மூடிக்கிடந்து 2024 நவம்பரில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ராத்திரிகளில் 50,000 டாலர் அறை சம்பாதித்தது பூஜ்யம்.

மாலத்தீவில் கான்ராட் ரங்காலியின் முராக்கா ஒன்றுதான் வாடகையிலேயே தன்னைத் தூக்கி நிறுத்தக்கூடிய மாதிரி தெரிகிறது. 2018இல் திறந்தது, ஒன்றரைக் கோடி டாலர் செலவு, கடல் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே படுக்கையறை, திறந்தபோது சொன்ன வாடகை ராத்திரிக்கு 50,000. அந்த வாடகைக்கு முந்நூறு ராத்திரியில் முதல் வந்துவிடும். காசிமேட்டு ஆட்களிடம் மீனைப் பார்த்துக்கொண்டே தூங்குவதற்கு 43 லட்சம் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

துபாய்க்குத் திரும்புவோம். டீக்கடை வீடியோவில் வந்தது பாம் ஜுமைராவில் இருக்கும் அட்லாண்டிஸ் தி ராயல் ஓட்டலின் ராயல் மேன்ஷன். 2023 ஜனவரியில் திறப்பு விழாவுக்குப் பியான்சேயைப் பாட அழைத்தார்கள், 2.4 கோடி டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தங்கியதும் அந்த மேன்ஷனில்தான் என்று செய்தி. விளம்பரச் செலவில் அந்த அறை ஒரு வரி, அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்து தண்டையார்பேட்டை டீக்கடையில் அதன் பெயர் அடிபடுகிறது. இதற்கு டிவி விளம்பரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஓட்டலில் சாதாரண அறைகளும் இருக்கின்றன. ஒரு லட்சம் டாலர் அறை இருக்கும் கட்டடத்தில் தங்கினேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஆயிரம் டாலர் கொடுத்து வருபவர்கள் உண்டு. நிஜ வியாபாரம் அவர்களிடம்தான்.

எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுக்கப் போனவர்களுக்கு இது புதிதில்லை. உட்கார வைத்து கூல் ட்ரிங்க் கொடுத்து முதலில் ஒரு லட்ச ரூபாய்ப் பட்டுப் புடவையை விரிப்பார்கள். "வாங்க வேணாம்மா, சும்மா பாருங்க." அப்புறம் வரும் இருபதாயிரம் புடவை நியாயமாகத் தெரியும், வீட்டிலிருந்து கிளம்பும்போது மனதில் இருந்தது பன்னிரண்டாயிரம். எங்கள் அக்கா கல்யாணத்துக்கு அம்மா இப்படித்தான் மாட்டினார், கடை பெயர் வேண்டாம். 2008இல் சென்னை சில்க்ஸ் ரவிவர்மா ஓவியங்களை நெய்து சுமார் 40 லட்ச ரூபாய்க்கு ஒரு புடவை செய்து கின்னஸில் இடம் பிடித்ததே, அதன் வேலையும் இதுதான். அந்தப் புடவையின் பெயரைக் கேட்டுப் போனவர்கள் வாங்கியது நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும்.

காலியாகக் கிடந்தால் விலையைக் குறைக்க வேண்டியதுதானே? காசிமேட்டு ஏலத்தில் வெயில் ஏற ஏற வஞ்சிரம் இறங்கும். விடியற்காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு. ஐஸ் உருகுகிறதே. வால்டாக்ஸ் ரோடு லாட்ஜ்காரரும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்து நிற்பவரிடம் நூறு இருநூறு விட்டுக்கொடுப்பார். விற்காத மீனையாவது கருவாடு போடலாம். விற்காத ராத்திரியை என்ன செய்வது? இந்த நியாயம் எல்லா ஓட்டலுக்கும் பொருந்தும், உச்சி மாடி சூட்டுக்கு மட்டும் பொருந்தாது. 80,000 அறையை ஒரு நாள் 20,000க்கு வெளிப்படையாகக் கொடுத்தால், அதற்குக் கீழே 15,000க்குக் கொடுக்கும் அறை மறுநாள் என்ன விலை சொல்லும்? மேலே இருப்பது ஒரு படி இறங்கினால் கீழே உள்ள நூறு அறைகளும் இறங்க வேண்டும். அதனால் எண்ணைத் தொட மாட்டார்கள். வேண்டியவருக்கு இரண்டு ராத்திரி கூடுதலாகக் கொடுப்பார்கள், கார் அனுப்புவார்கள், சாப்பாட்டுக் கணக்கை மறந்துவிடுவார்கள், ஏற்கெனவே வேறு அறை எடுத்த பழைய வாடிக்கையாளரை மேலே ஏற்றிவிடுவார்கள். 'உலகின் விலை உயர்ந்த பத்து அறைகள்' என்று வரும் பட்டியல்கள் எல்லாம் ஓட்டல்கள் தாமே சொன்ன எண்கள்தான். கல்லாவில் விழுந்த எண்ணைப் பட்டியல் போட்டால் வரிசை தலைகீழாகலாம்.

நம் ஊர் வரிக்கும் இந்த உச்சி மாடியைப் பற்றித் தனி அபிப்பிராயம் இல்லை. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு, நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம், அதைத் தாண்டினால் 18. எட்டாயிரம் ரூபாய் அறைக்கும் எட்டு லட்சம் ரூபாய் சூட்டுக்கும் ஒரே 18தான்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் கூவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறான். பிரசிடென்ஷியல் சூட் அவன் தளத்தில்தான். மாதத்தில் எத்தனை நாள் ஆள் இருக்கும் என்று கேட்டேன். கையை விரித்தான். "ஆனா வேலை மட்டும் தினம் இருக்குண்ணா" என்றான். ஆள் இல்லாவிட்டாலும் தூசி தட்ட வேண்டும், ஏ.சி. ஓட வேண்டும், பூ மாற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் தேங்கி நின்றால் கிருமி வளரும் என்பதால் வாரத்துக்கு ஒரு தரம் எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிஷம் திறந்துவிட வேண்டும். உலகம் பூராவும் ஓட்டல்களில் இருக்கும் நடைமுறைதான் இது.

அவனுக்கு அந்த வேலை செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வரும் முறையும். விடிகாலையில் அம்மாவுக்கு ஆறு குடம் பிடித்து மூன்றாவது மாடி ஏற்றிவிட்டு எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போகிறான். போய் பாத்ரூம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, கையில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம்.

"ஒரு நிமிஷம் முன்னாடி மூடினாலும் சூப்பர்வைசர் திட்டுவாருண்ணா."